ஆவணியில் நட்ட ஏழு ரோசாக் கன்றுகள்

மருமகன் ரோசாக் கன்றுகளோடு வளவுக்குள் வந்தது சனிக்கிழமை காலையில். மோட்டார் சைக்கிளின் பின்னால் உரப்பை ஒன்றைக் கட்டி, அதற்குள் ஏழு கன்றுகளை நிற்க வைத்துக் கொண்டுவந்தார். கோயில் தீர்த்தம் முடிந்து திருவிழாக் கடைகளைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மலைநாட்டிலிருந்து பூக்கன்று விற்க வந்தவர்கள் மிஞ்சியதை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். நான் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனேன். அது என் பழக்கம்.

அவர் என் சின்ன மகளின் புருசன். கலியாணம் முடித்து ஆறு வருடம். அந்த ஆறு வருடத்திலும் நான் அவரோடு நேருக்கு நேர் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் மாமி, மருமகன் மரியாதையை அப்படித்தான் வைத்திருந்தார்கள். இப்போது அதை ஒருவரும் பார்ப்பதில்லை. மூத்த மகளின் புருசன் "என்ன மாமி கறி?" என்று கேட்டுக்கொண்டு சட்டி மூடியையே திறந்து பார்ப்பார். நான்தான் வெட்கத்தில் ஒதுங்கி நிற்பேன். சின்ன மருமகனோ என்னைப் போல வாய் இல்லாதவர். சோறு போட்டு வைத்தால் "சோறு ஆறுது" என்று முற்றத்துக் கோழிக்குச் சொல்வேன். அவர் வந்து இருப்பார். "மாமி சாப்பிட்டாவாமா?" என்று அவர் மகளைக் கேட்பார். நான் சாப்பிட்டதை மகள் சொல்வாள். நடுவில் மகள் இருந்ததால் எல்லாம் சுகமாக நடந்தது.

அந்தச் சனிக்கிழமை நடுவில் மகள் இல்லை.

அதற்கு முந்தின வியாழக்கிழமை வயல் வட்டையிலிருந்து சிறுபோக நெல் வந்து இறங்கியது. மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியைப் பின்பக்கமாக வளவுக்குள் எடுத்தார்கள். ஓட்டினவன் கூலிக்கு வந்த ஆள். பின்னால் நின்று "வா, வா, இன்னும் வா" என்று கை காட்டினவர் மருமகன். பெட்டியின் சில்லு மகளின் பூப்பாத்தி மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. நாலு வருடமாக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த ஐந்து ரோசாச் செடி. பின்னேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தவள், கையில் இருந்த கொப்பிக் கட்டோடு அப்படியே பாத்தியடியில் நின்றாள். என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் சொன்னார். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டாள். அவர் அதற்கும் ஏதோ சொன்னார். அவருக்கு வெயிலில் நின்ற களைப்பு, கூலி ஆட்களுக்கு முன்னால் கேள்வி கேட்கிறாளே என்ற வெட்கம். கடைசியில் சொல்லிவிட்டார்.

"பூக்கன்டுதானே. பிள்ளையையா நெரிச்சுப்போட்டன்?"

பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. ஆறு வருடமாகக் கோயில், ஆசுபத்திரி என்று அவர்கள் இரண்டு பேரும் போகாத இடமில்லை. அந்தச் சொல் விழுந்ததும் அவர் முகம் போன போக்கை நான் யன்னலால் கண்டேன். அவர் அதைச் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். மகள் உள்ளே வந்து ஒரு பையில் இரண்டு உடுப்பை வைத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள். ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஆறு கடக்கிற மிதவை ஒன்று எங்கள் துறையில் உண்டு, அதைப் பாதை என்போம். பாதையில் ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் குருக்கள்மடத்துத் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் தலை சுற்றத் தொடங்கியது அங்கேதான். எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைக்கு. இந்த வீட்டை அவள் கலியாணத்தன்று நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டுக் குசினியோடு ஒட்டிய அறைக்கு வந்துவிட்டேன். புருசன் பெண்சாதி சண்டை பிடித்தால் ஆண்தான் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவான். மருமகனின் தாய் வீடு வெல்லாவெளியில் இருக்கிறது. கோபம் ஆறியபின் யாராவது போய்க் கூட்டிவருவார்கள். அப்படித்தான் ஊரில் எத்தனையோ சண்டை தீர்ந்தது. வீட்டுக்காரி வீட்டை விட்டுப் போனதை நான் கண்டதில்லை. அவளை நம்பி அந்த வீட்டில் இருக்கிற நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். அவர் முன்விறாந்தையில், நான் குசினியில். நடுவில் ஒரு கோழி.

வெள்ளிக்கிழமை மூத்தவள் தொலைபேசி எடுத்தாள். எனக்கு அதில் பச்சைப் பொத்தானை அமத்தத் தெரியும், வேறொன்றும் தெரியாது.

"அவர் இன்னும் அங்கயாம்மா இரிக்கார்?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"ஏன் வெல்லாவெளிக்குப் போகல்ல? இஞ்ச தங்கச்சி சொல்லுறா, ஞாயித்துக்கிழம பின்னேரம் வருவன் எண்டு. அதுக்குள்ள அவர் போயிரிந்தா நிப்பாவாம். போகாட்டிப் பள்ளிக்கு உடுக்கிற சாறிய எடுத்துக்கு வந்திருவாவாம். மறுகா அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாவாம். நீங்க அவரப் போகச் சொல்லுங்க."

"நானா?"

"வேற ஆரு அங்க இரிக்கிற?"

சரி என்றுவிட்டேன். சரி என்று சொன்னால் தொலைபேசி நிற்கும் என்பதற்காகச் சொன்ன சரி அது. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கோழிக்குச் சொல்லக்கூடிய சொல்லா அது? சொல்லி அவர் போய், போனவர் திரும்பி வராவிட்டால்? சொல்லாமல் விட்டு மகள் வராவிட்டால்? இரண்டு பக்கமும் யோசித்துக் கறிக்கு உப்புப் போட மறந்தேன். மறந்தேனோ என்று நினைத்து இரண்டாம் தரமும் போட்டேன் போல. மருமகன் அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

இந்த நிலையில்தான் சனிக்கிழமை ரோசாக் கன்று வந்தது. போக நினைக்கிற மனிசன் கன்று நடுவானா? எனக்கு விளங்கவில்லை. நின்றுவிடத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் வேலை தொடங்கினார். நசிந்த செடிகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து வேலியோரம் அடுக்கினார், எறியவில்லை. டயர் ஏறி இறுகிய மண்ணை அலவாங்கால் குத்திப் புரட்டினார். ஆவணி வெயில், கச்சான் காற்று வேறு. குத்தக் குத்தப் புழுதி அவர் மேலேயே விழுந்தது. பிறகு வட்டைக்குப் போய் இரண்டு உரப்பை மண் கொண்டுவந்தார். காய்ந்த மாட்டெருவை நொறுக்கிப் போட்டார். கயிறு பிடித்து அளந்து ஏழு குழி எடுத்தார். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு குழிகளுக்குள் தண்ணீரை விட்டுக் காலால் மிதித்துச் சேறாக்கினார். கன்றை அந்தச் சேற்றுக்குள் இறக்கி, பாதித் தண்டு வரைக்கும் மூடி, குதியால் அமத்தினார். வயல்காரனுக்குத் தெரிந்த நடுகை அது. ரோசாவுக்கு அப்படிச் செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. பூப்பாத்தி மகளுடைய வேலை, நான் அதைத் தொட்டதில்லை.

ஒவ்வொரு கன்றிலும் ஒரு கடதாசித் துண்டு கட்டியிருந்தது. என்ன நிறம் பூக்கும் என்று எழுதியிருக்கும் என நினைக்கிறேன். எழுத்துச் சிங்களமா இங்கிலீசா என்றும் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அவரும் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார்.

எனக்குத் தெரிந்தது தண்ணீர். எங்கள் கிணறு கடல் தண்ணீர் ஏறுகிற ஆற்றுக்குப் பக்கம். மாரியில் நல்ல தண்ணீர், ஆடி பிறந்தால் உப்புச் சவர் ஏறும், ஆவணியில் வாயில் வைக்க முடியாது. பாத்திரம் கழுவலாம், அவ்வளவுதான். மகள் அந்த மாதங்களில் பூக்கன்றுக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுவாள். குழாய் விடியப்புறம் கொஞ்ச நேரம் வரும், அதைத் தகரப் பரலில் பிடித்து வைப்போம். மருமகனோ கிணற்றில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார், வயலும் வட்டையும் தவிர அவருக்கு வீட்டுத் தண்ணீர் பற்றி ஒன்றும் தெரியாது. இதையாவது சொல்லவேண்டும். குசினி வாசலுக்கு வந்து கோழியைப் பார்த்துச் சொன்னேன், கிணற்றுத் தண்ணீர் இப்போது சவர், பரலில் நல்ல தண்ணீர் இருக்கிறது, அது குறைகிறது என்று. அதை எடுத்து அளவாக ஊற்றட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அவர் வாளியை வைத்துவிட்டு நின்றார். விளங்கிவிட்டது என்று எனக்குச் சந்தோசம். அவர் துவாயையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எங்கேயோ போனார். ஒரு மணித்தியாலம் கழித்து ஈரத் தலையோடு வந்து, வேலியைப் பார்த்துச் சொன்னார்:

"பரல் தண்ணிய இனி நான் குளிக்க எடுக்கல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பவும் கிணற்றில் அள்ளினார். பரல் தண்ணீரைத் தொடாமல் இருக்கவேண்டும் என்று முன்னையிலும் கூடுதலாக அள்ளினார். நான் உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் பக்கத்து வளவு மச்சி வந்தாள். அவளுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நடப்பது எல்லாம் தெரியும், தெரியாதது போல வருவாள். தேங்காய் துருவி இரவலுக்கு என்றாள். அவளிடம் இரண்டு துருவி இருப்பது எனக்குத் தெரியும்.

"மருமகன் என்னகா பூந்தோட்டம் வைக்கார்?" என்றாள்.

ஓம், வைக்கிறார் என்றேன்.

"பொஞ்சாதி வீட்டில இல்லாத நேரம் பாத்து ஆம்பிளை ரோசாப்பூ நட்டா, ஆருக்கு நடுறார் எண்டு ஊர் கேக்காதா மச்சி?"

"உனக்கில்ல," என்றேன்.

அப்படி ஒரு பதில் என் வாயில் வந்ததை நானே நம்பவில்லை. அவள் துருவியை எடுக்காமல் போய்விட்டாள். ஆனால் அவள் கேட்டது என் மண்டைக்குள் நின்றுகொண்டது. ஆருக்கு நடுகிறார்? மகளுக்கு என்றால் மகளிடம் போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. பாதை ஏறினால் அரை மணித்தியாலத்தில் அக்கரை. ஒரு சொல் சொல்லுவது லேசா, ஏழு குழி வெட்டுவது லேசா? எனக்கென்றால் குழி வெட்டுவதுதான் லேசு. அவருக்கும் அப்படித்தானோ என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, அவருக்காக நான் ஏன் நியாயம் தேடுகிறேன், என் பிள்ளை அழுதுகொண்டு போனாளே என்று என்னையே ஏசினேன்.

ஞாயிறு விடியக் குழாய் வந்த சத்தம் கேட்டு எழும்பினேன். கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. இரண்டு கன்றின் இலை ஓரம் கருகியிருந்தது. சவரைக் கழுவி இறக்குவோம் என்று சின்னக் குடத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றினேன். நாலாவது குடத்தோடு நிமிர்ந்தேன், மருமகன் முன்னால் நின்றார். அவர் கையில் வாளி, வாளியில் கிணற்றுத் தண்ணீர்.

கோழியைத் தேடினேன். கோழி இன்னும் கூட்டுக்குள்.

"அத ஊத்தாதீங்க," என்றேன். "ஆவணியில அது சவர். கன்டு கருகிரும்."

அவருக்குத் திடுக்கிட்டது. என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"நேத்து அதத்தானா சொன்ன நீங்க?"

"ஓம்."

"நான் குளிச்சுத் தண்ணிய முடிக்கன் எண்டு சொல்லுறீங்க எண்டு நினைச்சன், மாமி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"என்னப் போகச் சொல்லித்தானே சொல்லிரிக்காங்க?" என்று கேட்டார். "ரெண்டு நாளா உங்கட முகத்தில தெரியிது."

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போகத்தான் இரிக்கன். கன்ட நட்டு முடிச்சுப்போட்டுப் போவம் எண்டு நினைச்சன். பையும் கட்டிப்போட்டன். அண்டைக்கு நான் அந்தச் சொல்ல..."

"அத எனக்குச் சொல்லாதீங்க," என்றேன். "அவட்டச் சொல்லுங்க."

நிற்கத்தான் நடுகிறார் என்று நான் நேற்று முழுக்கப் பயந்தேன். இப்போது பார்த்தால் போகத்தான் நட்டிருக்கிறார். அப்படியென்றால் என் வேலை முடிந்தது. ஓம், போங்க என்று சொன்னால் போதும். மூத்தவளுக்குக் கொடுத்த சரியும் நிறைவேறும், சின்னவளும் வந்து நிற்பாள். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அப்ப இதுக்கெல்லாம் தண்ணி ஆரு ஊத்துற? எனக்குக் குடம் தூக்க ஏலாது."

நாலாவது குடம் என் இடுப்பில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கிட்ட வந்து குடத்தை வாங்கி, அடுத்த கன்றுக்கு ஊற்றினார்.

அதற்குப் பிறகு அவர் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பையை மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்துக் கட்டினார். கட்டிவிட்டுக் கன்றுகளுக்கு நிழலுக்குத் தென்னோலை குத்தினார். வெயில் சாயச் சாய ஓலையைப் பிடுங்கி மற்றப் பக்கம் குத்தினார். நான் சோற்றைப் போட்டு வைத்து, "சோறு போட்டிரிக்கு, வாங்க" என்று அவருக்கே சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. மகள் வந்து இவரைக் கண்டால் சாறியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆறு வருடம் வாயை மூடி வைத்திருந்தவள், திறக்கிற அன்று பார்த்துப் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். எழும்பி ஒரு தரம் வளவு வாசல் கடப்படி வரைக்கும் போனேன். எதற்குப் போனேன் என்று அயத்துவிட்டது, திரும்பி வந்தேன்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். கடப்படியில் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அவள் நடை நின்றது. பிறகு யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனாள். அலுமாரியைத் திறந்து சாறிகளை ஒவ்வொன்றாகக் கையில் போட்டாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"ஏனம்மா அனுப்பல்ல?"

"எனக்கு வாய் வரல்ல, புள்ள."

"அக்காட்ட ஓம் எண்டு சொன்னீங்களாமே."

"சொன்னன்தான்."

"அப்ப?"

"இது உன்ட வீடு. நான் உனக்குத் தந்த வீடு. அவரப் போகச் சொல்லுறெண்டா நீதான் சொல்லணும். நான் சொன்னா அது சரிவராது."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோபமா, பாவம் பார்த்தாளா, சொல்லத் தெரியவில்லை. கையில் சாறிகளோடு முன்வாசலால் இறங்கிப் போனாள். நான் யன்னலுக்குப் போனேன். பாத்தியடியில் அவர் ஓலையோடு எழும்பி நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள். அந்த ஏழையும் ஒரு தரம் கண்ணால் எண்ணினாள் போல. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"ஆரு இத இப்படி நட்ட?" என்றாள்.

"நான்தான்."

"ஒட்டு எங்க?"

"என்ன ஒட்டு?"

"கழுத்தில ஒரு முடிச்சி இரிக்கும். அது மண்ணுக்கு மேல நிக்கணும். நீங்க கழுத்தோட சேத்துப் புதைச்சிரிக்கீங்க. சேறடிச்சி நடுறதுக்கு இதென்ன வயலா?"

அவர் உடனே குனிந்து ஒரு கன்றைப் பிடித்தார், பிடுங்கப் போனவர் போல.

"விடுங்க, விடுங்க. வேர் அறுந்திரும். நான் கிண்டுறன்."

சாறிகளை மோட்டார் சைக்கிளில் இருந்த பைக்கு மேல் போட்டாள். சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குந்தினாள். விரலால் மண்ணைத் தோண்டத் தொடங்கினாள். அவர் மற்றப் பக்கம் குந்தி, அவள் தோண்டிய மண்ணைக் கையால் ஒதுக்கினார். முதல் கன்று மேலே வந்தது. அதைத் திரும்ப வைத்து மூடும்போது அவர் தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். அவள் கை நின்றது. முதுகு என் பக்கம், முகம் தெரியவில்லை. ஒரு கையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்த இடத்தில் மண் பட்டிருக்கும். பிறகு அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார்.

தொலைபேசி அடித்தது. பச்சையை அமத்தினேன்.

"அவர் போயிற்றாரா?" என்றாள் மூத்தவள்.

"இல்ல."

"தங்கச்சி வந்தாவா? எங்க அவ?"

"மண் கிண்டுறா."

"மண் கிண்டுறாவா? அவரோடயா? என்னம்மா நடக்குது அங்க?"

"எனக்கும் விளங்கல்ல, புள்ள."

"சண்டையா, சமாதானமா?"

யன்னலால் பார்த்தேன். மூன்றாவது கன்றில் இரண்டு பேருடைய கையும் இருந்தன. வாய் ஒன்றும் அசையவில்லை.

"தெரியா. இன்னும் நாலு கன்டு இரிக்கு."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. இருட்டினால் பாதை ஓடாது, தங்கச்சி வருவதென்றால் நேரத்துக்கு வெளிக்கிடவேண்டும், அதை அவளிடம் இப்பவே போய்ச் சொல்லுங்கள் என்றாள். சரி, சொல்லுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை. அடுப்பை மூட்டி மூன்று பேருக்கு அரிசி போட்டேன்.